வலப்பக்கத்துக் கார்ப்பரேட்டர்

ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் கடைசி அறையில் அவளுக்கு வேலை. அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு வைத்த, இரட்டைக் கதவு போட்ட, வெளிச் சத்தம் எதுவும் நுழையாத கூண்டு. நோயாளியை அதற்குள் உட்கார வைத்துத் தலையில் ஹெட்போன் மாட்டுவாள். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க. எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் அழுத்துங்க. கேட்ட மாதிரி தோணுனாக்கூட அழுத்துங்க" என்பாள். இந்த மூன்று வாக்கியங்களை இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லிவந்தாள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து அவள் ஒவ்வொரு ஒலியாக அனுப்ப, உள்ளே இருப்பவர் அழுத்த அழுத்த, ஒரு தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டே போவாள். குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் பீப் மேடம். அது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கல்யாணப் பேச்சு வந்த போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் படுக்கையில் இருந்தார்கள். முதலில் அப்பா, ஆறு வருடம். அவர் போன பிறகு அம்மா, ஒன்பது வருடம். அண்ணன் இதற்கெல்லாம் நடுவில் வெளிநாட்டுக்குப் போய், அங்கேயே வீடு, பிள்ளைகள் என்று ஆகிவிட்டான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்வான். அம்மாவும் போன போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

வேலை நாட்கள் எப்படியோ நகர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் முட்டிக்கொண்டு நிற்கும். அம்மாவுக்கு மாத்திரை, துடைத்துவிடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது என்று நிமிர நேரமில்லாமல் ஓடிய நாள் அது. இப்போது காலை ஒன்பது மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். அண்ணன் போன் வராத வாரங்களில், சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரி வாசலில் "வரேன்" என்று சொன்னதோடு சரி, அப்புறம் திங்கட்கிழமை காலை முதல் நோயாளியைக் கூப்பிடும் போதுதான் வாய் திறப்பாள். முதல் வார்த்தை கரகரவென்று வரும். அந்தத் திங்கட்கிழமைகளில் தொண்டையைச் செருமிச் சரி செய்துகொண்டுதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. இரண்டு சிலிண்டர் வண்டி. அவன் வாங்கும் போதே பழசு. அவன் போய்ப் பதினான்கு வருடம் ஆயிற்று. "அத எடைக்குப் போட்டுடு. எலி குடும்பம் நடத்தும்" என்று அண்ணன் போனில் சொன்னான். அவளும் பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து தார்ப்பாயை இழுத்தார். டயர் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார். அது பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு இறங்கி, மறுபடி மேலே வந்தது. அவர் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இது சாகல. மயங்கிக் கெடக்கு. நான் கொண்டுபோனா சுத்தியலாலதான் பிரிப்பேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கிறேன்" என்றாள். அவர் அடுத்த ஞாயிறு வந்து கேட்ட போது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டர் இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டிருந்தாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஷெட்டு அலமாரியில் அண்ணனின் டூல்ஸ் பெட்டியும், எண்ணெய்க் கறை படிந்த வண்டியின் கையேடும் இருந்தன. படம் பார்த்து, வரி வரியாகப் படித்து, எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாளில் அடுக்கி வைப்பாள். உதிரிப் பாகங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருந்த ஒர்க் ஷாப்புக்குப் போவாள். அதை நடத்தியவரை எல்லோரும் தொப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். வெயிலோ மழையோ, அந்தத் தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் அவர், "வண்டிய இங்க தள்ளிட்டு வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"இல்லங்க. நானே பண்றேன். தெரியலன்னா கேக்க வரேன்."

"நீங்களா?"

"காதுக்குள்ள ஒரு எலும்பு இருக்கு, அரிசியில பாதிகூட இருக்காது. அதப் பத்தியே படிச்சுட்டு வந்தவ நான். உங்க கார்ப்பரேட்டர் கைக்கு அடக்கமா, நல்லாப் பெருசாத்தான் இருக்கு."

தொப்பிக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவள் எதைக் கேட்டாலும் தேடி எடுத்து வைத்திருப்பார்.

எட்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு காலை, பதினேழாவதோ பதினெட்டாவதோ உதையில் வண்டி எழுந்தது. ஷெட்டு முழுக்க நீலப் புகை. எதிர் வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டன. அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள்.  யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணனிடம் சொல்ல முடியாது, இடையில் ஒரு தடவை அவன் "போட்டுட்டியா?" என்று கேட்ட போது, ஏனோ "ம்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்தாள்.

வண்டி எழுந்துவிட்டதே ஒழிய, நிற்கும் போது உடம்பெல்லாம் உதறியது. கண்ணாடியில் எதுவும் தெரியாது; எல்லாம் இரண்டிரண்டாக ஆடும். கையேடு காரணம் சொன்னது. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்ப்பரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இழுத்தால் வண்டி நொண்டும். மீட்டர் வைத்துச் சரிபார்க்கச் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அண்ணன் பென்சிலால், 'மீட்டர் வேண்டாம். ரப்பர் குழாயும் காதும் போதும்' என்று எழுதியிருந்தான்.

அதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. காது போதும் என்றால் அவளைவிட யாருக்கு அது பொருந்தும்? அண்ணன் ஒரே குழாயை இந்தக் கார்ப்பரேட்டர் வாயில் ஒரு தடவை, அந்தக் கார்ப்பரேட்டர் வாயில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்டிருப்பான். அவள் அதைவிட ஒரு படி மேலே யோசித்தாள். ஒரே அளவில் இரண்டு ரப்பர் குழாய் வெட்டி, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட, காதுக்குள் செருகும் ரப்பர் முனைகளைச் சுத்தம் செய்து மாட்டினாள். இடது கார்ப்பரேட்டரிலிருந்து இடது காதுக்கு ஒன்று, வலதிலிருந்து வலது காதுக்கு ஒன்று. இரண்டு இரைச்சலும் ஒரே நேரத்தில் கேட்கும். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கத்து ஸ்குரூவை ஒரு மயிரிழை திருப்பினால் போதும்.

ஓடாமல் நிற்கும் வண்டி சூடேறாமல் இருக்க அம்மாவின் டேபிள் ஃபேனை இன்ஜினுக்கு முன்னால் வைத்தாள். குழாய்களை மாட்டிக்கொண்டு குனிந்தாள். உஸ்ஸென்று காற்று இழுபடும் சத்தம். இடது பக்கம் தெளிவாக இருந்தது, வலது பக்கம் கொஞ்சம் சோர்ந்து கேட்டது. வலது ஸ்குரூவைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இரண்டும் தலைக்கு நடுவில் ஒன்றாக வந்து சேர்ந்தன. அப்படி ஒரு நிறைவு அவளுக்கு வெகுநாளாகக் கிடைத்ததில்லை.

ஆனால் உதறல் போகவில்லை. பாலம் வரை ஓட்டிப் பார்த்தாள். வலது காலில் மட்டும் சூடு அடித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு சைலன்சர் குழாயிலும் தண்ணீர் தெளித்தாள். வலது பக்கம் பட்டதும் சீறிப் பறந்தது; இடது பக்கம் நிதானமாகக் காய்ந்தது. அடுத்த ஞாயிறு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்கடுத்த ஞாயிறும். நான்கு ஞாயிறுகள். காதுக்குப் பிசகில்லாமல் வரும். சாலைக்குப் போனால் நொண்டும்.

ஐந்தாவது தடவை, பிடிவாதத்தை விட்டுவிட்டு, வண்டியைத் தொப்பியிடம் ஓட்டிப் போனாள். அவர் இரண்டு வட்ட மீட்டர்கள் பதித்த ஒரு பலகையை எடுத்து வந்து, அவற்றின் குழாய்களை இன்ஜினின் இரண்டு பக்கமும் மாட்டி வண்டியைக் கிளப்பினார். ஒரு முள் மேலே நின்றது. வலது பக்கத்து முள் பாதியிலேயே படுத்துக்கொண்டது.

"யாருங்க இத செட் பண்ணது?"

"ஏன்?"

"வலது பக்கம் வாயப் பொளந்துட்டுக் கெடக்கு. வாய் தொறக்கத் தொறக்க முள்ளு எறங்கும். அவன் ஒருத்தனே மொத்த வண்டியும் இழுக்கறான். இடது பக்கத்தான் சும்மா கூட வரான், ஊர் சுத்திப் பாக்க." ஸ்குரூவைப் பின்னால் திருப்பினார். திருப்பத் திருப்ப இரண்டு முட்களும் ஒன்றையொன்று நெருங்கி ஒரே எண்ணில் நின்றன. வண்டி அடங்கியது. உதறல் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஹேண்டில்பார் மேல் வைத்த ஸ்பேனர் அசையாமல் கிடந்தது.

"எத வச்சு செட் பண்ணீங்க?"

"காதுதான்."

"உங்க காதா?" தொப்பி வாய்விட்டுச் சிரித்தார். "ஊர்க் காதெல்லாம் உங்ககிட்டதான் சர்டிபிகேட் வாங்குது. டியூபுக்குள்ள பூச்சி ஏதாவது போய் அடைச்சிருக்கும், பாருங்க."

அவளும் சிரித்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் வண்டியை அணைக்காமலே இரண்டு குழாய்களையும் மாட்டிக்கொண்டாள். மீட்டர் இரண்டும் சமம் என்று காட்டிய வண்டி. ஆனால் வலது பக்கம் மங்கலாகத்தான் கேட்டது. வலது குழாயைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் தாராளமாக ஓடியது. சரி, குழாய்களை மாற்றிப் பார்ப்போம் என்று இடது பக்கத்துக் குழாயை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாட்டினாள். அப்போதும் வலது பக்கம்தான் மங்கல்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். குழாய்களைக் குறுக்காகப் போட்டாள். இடது கார்ப்பரேட்டரின் சத்தம் வலது காதுக்கு வரும்படி. வலது கார்ப்பரேட்டரின் சத்தம் இடது காதுக்கு.

இப்போது இடது கார்ப்பரேட்டர் மங்கிப்போயிற்று. வலது கார்ப்பரேட்டர் பளிச்சென்று கேட்டது.

அவள் இன்ஜினை அணைத்தாள். குழாய்களைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. டேபிள் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. 

அன்று அண்ணன் போன் செய்கிற ஞாயிறு. வழக்கம் போல இடது காதில் வைத்து, "சொல்லுண்ணா" என்றாள். அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதிப் பேச்சில் போனை வலது காதுக்கு மாற்றினாள். அண்ணன் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல இருந்தது. பேசுகிறான் என்று தெரிந்தது. என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை.

"ஹலோ? இருக்கியா?" என்று அவன் கத்தியதை இடது காதுக்கு மாற்றிய பிறகுதான் கேட்டாள்.

"இருக்கேன். நீ சொல்லு."

அன்று முழுக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விடியற்காலையில் தெருவில் போகும் பால் வண்டியின் ஹாரன் கொஞ்ச காலமாக அவளை எழுப்புவதில்லை; நன்றாகத் தூங்குகிறோம் என்று சந்தோஷப்பட்டிருந்தாள். அவள் படுப்பது எப்போதும் இடது பக்கமாக, இடது காது தலையணையில் புதையும்படி. போன வருடம், தினமும் காலையில் ஹெட்போனைத் தானே மாட்டிச் சரிபார்க்கும் போது, சிவப்புப் பக்கம் கொஞ்சம் மந்தம் என்று எழுதிக்கொடுத்தாள். பழுது பார்க்க வந்தவர் கருவி வைத்துப் பார்த்து, "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி, சண்டை போட்டுப் புது ஹெட்போனே வரவழைத்தாள். அதுவும் நாலு நாளில் மந்தமாகத் தெரிந்தது. இந்தக் காலத்துப் பொருளே இப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

இன்னொருவர் இருக்கிற வீடாக இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். "எத்தன தடவ கூப்பிடறது, காது என்ன செவிடா?" என்று சமையலறையிலிருந்து யாராவது ஒருவர் கத்தியிருப்பார். டிவியை ஏன் அலறவிடுகிறாய் என்று கேட்டிருப்பார். கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் கேட்காமல் போவதற்கு என்ன இருக்கிறது? தெரியாமலே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். அவளுக்கு மற்றதைவிட இதுதான் உறைத்தது.

தன் காதைத் தானே சோதிக்க முடியாது. எப்போது ஒலி அனுப்புகிறோம் என்று கைக்குத் தெரியும். பட்டன் பொய் சொல்லும். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரிப்போர்ட் டைப் அடிக்கும் அக்காவை அழைத்தாள். பத்து வருடமாகப் பக்கத்து அறையில் இருப்பவர். அவள் போடும் சிவப்பு வட்டங்களையும் நீலக் குறிகளையும் ஆயிரக்கணக்கில் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்; ஆனால் கூண்டுக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"எனக்கா? இந்த மெஷினையா? நான் மிக்ஸியவே பயந்து பயந்துதான் போடுவேன்."

"ஒண்ணுமில்லக்கா. இந்தக் குமிழத் திருப்புங்க, இத அழுத்துங்க. நான் பட்டன் அழுத்துனா இங்க லைட் எரியும். எந்த எண்ல எரியுதோ அங்க புள்ளி வைங்க."

"எதுக்கு இதெல்லாம்?"

"மெஷின் செக் பண்ணணும்."

அவள் உள்ளே போய், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரட்டைக் கதவு மூடியது. இருபத்திரண்டு வருடத்தில் கதவு மூடிய பிறகு அவள் உள்ளே இருந்ததில்லை. இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நோயாளிகள் யாரும் அவளிடம் சொன்னதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அக்கா நாக்கைத் துருத்திக்கொண்டு குமிழைத் திருப்பினார். ஒவ்வொரு தடவை ஒலி அனுப்பும் போதும் அவர் தலை தானாக ஆடியது. அதைப் பார்த்தாலே போதும், செவிடர்கூடச் சரியாக அழுத்திவிடுவார். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

இடது காதுக்கு மளமளவென்று முடிந்தது. வலது காதுக்கு ஆரம்பித்ததும் வெகுநேரம் எதுவும் வரவில்லை. ஆரம்பித்துவிட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு தூரத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒன்று. அழுத்தினாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த அக்காவின் முகம் சுண்டியிருந்தது. கையில் தாள். நீலக் குறிகள் மேலே ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன. சிவப்புப் புள்ளிகள் மேலே ஆரம்பித்து, படியில் தவறி விழுந்தது போலக் கீழே போயிருந்தன.

"நான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்னு நினைக்கிறேன். பாரேன், எங்கயோ போயிடுச்சு. இன்னொரு தடவ பண்ணலாமா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் பண்ணீங்க."

அக்கா தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் டைப் அடித்தவர் அல்லவா, புரிந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதியைத் தள்ளி வைத்தார்.

அன்று மாலை, டாக்டர் பார்க்க வேண்டிய தாள்களோடு தன்னுடையதையும் பெயர் எழுதாமல் வைத்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், அதில் நின்றார்.

"ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு எறங்கியிருக்கே. ஸ்கேன் எடுக்கணும், நரம்பப் பாக்கணும். பேரு எழுதலயே நீங்க?"

"மறந்துட்டேன் டாக்டர்."

"பேஷன்ட் வெளிய இருக்காங்களா? கூட யாராவது வந்திருக்காங்களா? தனியா இருந்தா இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம், பயந்துடுவாங்க. வீட்டு ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"கூட யாரும் வரல டாக்டர்."

"சரி, உள்ள அனுப்புங்க."

அவள் மேஜையைச் சுற்றி வந்து நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் பக்கம் திரும்பினார். பேனாவை மூடி வைத்தார். இருபது வருடமாக அவள் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவருகிறார். "இப்பத்தான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக.

"பரவாயில்ல டாக்டர். எனக்கு ஏற்கெனவே தெரியும்."

ஸ்கேனில், காது நரம்பின் மேல் பட்டாணியில் பாதி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிற ரகம், உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் அந்தக் காது போனது போனதுதான். மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம். பெரும்பாலானவர்களுக்குத் தலை சுற்றி விழ ஆரம்பித்த பிறகுதான் தெரியவருமாம். "இவ்வளவு சின்னதா இருக்கும்போதே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். கார்ப்பரேட்டர் கதையை அவள் சொன்னாள். அவர் பாதிவரை எழுதிக்கொண்டே வந்து, பிறகு எழுதியதை அடித்துவிட்டு, 'தற்செயலாக' என்று போட்டுக்கொண்டார்.

அண்ணனிடம் சொன்னாள். "இங்க வந்துடு. எங்க கூடவே இரு. அங்க ஒத்தையில என்ன பண்ணப் போறே?" என்றான்.

"வேல இருக்குண்ணா."

"எப்படித் தெரிஞ்சுதுன்னு சொன்னே? வண்டியா? எந்த வண்டி?"

"உன் வண்டிதான்."

"எடைக்குப் போட்டாச்சுன்னியே?"

"போடல."

அவன் சிரிப்பான், இல்லை கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் செய்யவில்லை. "ஏன்டீ, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் பக்கத்துல இல்லன்னாலும் போன்ல சொல்லிக் குடுத்திருப்பேன்ல" என்றான்.   சொல்லியிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவனோடு பேச அவளுக்கென்று ஒரு விஷயம் இருந்திருக்கும். அது ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. தனியாக இருந்து இருந்து, சொல்வது என்பதே கை விட்டுப்போயிருந்தது.

ஒன்றரை வருடம் கட்டியை அளந்துகொண்டே வந்தார்கள். மூன்றாவது ஸ்கேனில் கொஞ்சம் வளர்ந்திருந்தது. கதிர்வீச்சு கொடுக்க முடிவானது. அதற்கு முந்தைய நாள் ஒரு படிவம் தந்தார்கள். 'உடன் வருபவர்' என்று ஒரு வரி. அவள் அதைக் காலியாக விட்டு மற்றதையெல்லாம் நிரப்பி, டைப் அடிக்கக் கொடுத்தாள். திரும்பி வந்த போது அந்த வரியில் டைப்பிஸ்ட் அக்காவின் பெயர் இருந்தது. அடுத்த வரியில் 'உறவு' என்ற இடத்தில் 'பக்கத்து அறை' என்று அடித்திருந்தார்.

"என்னக்கா இது?"

"அக்கான்னு போட்டா ப்ரூஃப் கேப்பாங்க. இது உண்மதானே?"

கட்டி அதற்கு மேல் வளரவில்லை. வலது காதில் மிச்சமிருந்ததும் போயிற்று. அதற்குப் பதிலாக ஓயாத ஒரு இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலை அப்படியே தொடர்ந்தது. ஒலி அனுப்பவும் வட்டம் போடவும் கண்ணும் கையும் போதும். தினமும் ஹெட்போனைச் சரிபார்க்க மட்டும் அக்கா வந்து வலது பக்கத்தைக் கேட்டுச் சொல்லிவிட்டுப் போவார். கூண்டுக்கு வெளியே தன் நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், யார் வந்தாலும் இடது பக்கமாகவே வரும்படி. நடக்கும் போது சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. பின்னால் யாராவது கூப்பிட்டால் முழுச் சுற்றுச் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். அதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

ஞாயிறுகளும் அப்படியேதான் இருந்தன. தொப்பி மீட்டர் பலகையைக் கடனாகத் தர முன்வந்தார். அவள் வேண்டாம் என்றாள். இப்போது ஒரே குழாய், ஒரே காது. இடது கார்ப்பரேட்டரில் வைத்துக் கேட்பாள். அந்தச் சத்தத்தை மறப்பதற்குள் வலதில் வைத்துக் கேட்பாள். முன்னைவிட நேரம் பிடிக்கும். அவசரம் ஒன்றும் இல்லை. வண்டி அசையாமல் நின்று ஓடியது.

ஒரு சனிக்கிழமை மாலை பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டைப்பிஸ்ட் அக்கா வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அவள் வண்டியை நிறுத்தி, "ஏறுங்கக்கா" என்றாள்.

"இதுலயா? நான் இதுவரைக்கும் மோட்டார் சைக்கிள்ல உக்காந்ததே இல்ல."

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க, அவ்வளவுதான்."

அக்கா ஏறி அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் இரண்டு திருப்பத்தில் மூச்சே விடவில்லை. நேர்ச் சாலை வந்ததும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் வலது தோளுக்கு மேல் அவர் முகவாய் பதிவதும், வலது காதோரம் வெதுவெதுவென்று மூச்சுக் காற்று படுவதும் அவளுக்குத் தெரிந்தது. பேசுகிறார் போல. காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் பிடி இறுகியது. ஒரு இடத்தில் தோளில் நெற்றி பட்டது. அவள் குத்துமதிப்பாக இரண்டு மூன்று தடவை தலையாட்டினாள். அப்படியே இருபது நிமிடம்.

அக்காவின் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவர் இறங்கி, புடவையைச் சரி செய்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதான். நீ என்ன சொல்றே?"

"எதுக்குக்கா?"

 அக்கா கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "ஐயோ, நான் அந்தப் பக்கமாவே பேசிட்டு வந்திருக்கேன்!"

"நான்தான் சொல்லியிருக்கணும். இன்னொரு தடவ சொல்லுங்க."

"மொத்தமுமா? அத ஒரு தடவ சொல்றதுக்கே ரெண்டு மாசமாத் தயங்கிட்டு இருந்தேன்."

அவள் இன்ஜினை அணைத்தாள். அக்கா வண்டியைச் சுற்றி இடது பக்கத்துக்கு வந்தார். உள்ளே விளக்குப் போடாத வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் போகிறான், அப்புறம் இந்த வீட்டில் தான் மட்டும்தான் என்று சொன்னார். இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னார். வழியில் சொன்ன அளவுக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. வண்டியில் வரும் போது முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தவற்றில் பாதி இப்போது வரவில்லை.

"எப்படி இருக்கும், நீ சொல்லு" என்றார் அக்கா. "நீ இத்தன வருஷமா இருக்கியே."

நன்றாக இருக்கும், பழகிவிடும் என்று சொல்ல வாய் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமதான்க்கா கஷ்டம்" என்றாள். "மத்த நாள் தெரியாது."

அக்கா தலையாட்டினார். அவள் வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கினாள்.